பாய்லர் பக்கத்துக் கவர்

2018இல் லண்டன் ஈஸ்ட் ஹாமில் குடிபோன அன்று வீட்டுக்கார அண்ணன் கொடுத்தது இரண்டு சாவியும், வைஃபை பாஸ்வேர்டு எழுதிய துண்டுச்சீட்டும்தான். கேஸ் பரிசோதனைச் சான்று கேட்டேன். “எங்கட ஆக்களுக்குள்ள பேப்பர் என்னத்துக்குத் தம்பி?” என்று சிரித்தார். எனக்கே கூச்சமாகிவிட்டது.

ராத்திரி பார்த்தால், பாய்லர் பக்கவாட்டில் செலோடேப் போட்டு ஒட்டிய பிளாஸ்டிக் கவருக்குள் ஒரு சான்று. தேதி 2015! வருடாவருடம் செய்ய வேண்டிய சோதனை. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் இல்லை, சொந்தக்காரர் ஊர்க்காரர் என்ற தாட்சண்யமும் இல்லை.

அப்புறம்தான் இங்கிலாந்துச் சட்டத்தைத் தேடிப் படித்தேன். குடிவருமுன் கேஸ் சான்று தர வேண்டும். அட்வான்ஸை 30 நாளுக்குள் பாதுகாப்புத் திட்டத்தில் போட்டு, விவரத்தை எழுத்தில் தர வேண்டும். தவறினால் அதைப்போல் மூன்று மடங்கு வரை வாடகைக்காரருக்கே கட்ட நேரும். அரசின் வாடகைக் கையேட்டைத் தராதவர், காரணம் சொல்லாமல் காலி செய்யச் சொல்லி அனுப்பும் நோட்டீசும் அன்று செல்லாது. (அண்ணனுக்கு இது தெரியாது என்றே இன்றும் நம்புகிறேன்.)

பணிவாக ஒரு மெசேஜ் போட்டேன். அடுத்த வாரம் கேஸ் வேலை பார்ப்பவர்களுக்கான ‘கேஸ் சேஃப்’ பதிவு அட்டையோடு ஆள் வந்தார். பழைய சான்றை அண்ணன் நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.