காரைக்காலில் ஃபார்மட் அடிக்கிறார்கள்

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டுகளை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஏராளமான கணினிகள் பழைய இரும்புக்குப் போய்விடும் என்ற பேச்சு அதோடு கிளம்பியது. அப்படிப்பட்ட கணினிகளை இத்தனை காலம் ஓட்டிக்கொடுத்தவர்களின் தொழில் எப்படி இருக்கிறது என்று பார்க்கத்தான் காரைக்காலுக்குப் போனேன். பாரதியார் வீதியிலும் பக்கத்துத் தெருக்களிலும் உள்ள சர்வீஸ் கடைகளில் அதிகம் காதில் விழும் சொல் 'ஃபார்மட்', அதாவது டிரைவை அழித்துவிட்டு விண்டோஸைப் புதிதாக ஏற்றுவது. மெயில் திறக்கவில்லையா, ஃபார்மட். கணினி மெதுவாக ஓடுகிறதா, அதற்கும் ஃபார்மட். சோம்பேறித்தனம் என்று திட்டிவிட்டுப் போவது சுலபம். ஆனால் பழுதைக் கண்டுபிடிக்கும் வேலைக்கு நாம் கூலி கொடுப்பதே இல்லை. அதன் விளைவுதான் இது என்று எனக்குப் படுகிறது.

மெயில் வரவில்லை என்று கடைக்கு வரும் ஒரு பழைய மேசைக் கணினியையே எடுத்துக்கொள்வோம். ஜிமெயிலைத் திறந்தால் இணைப்பு பாதுகாப்பானதல்ல என்ற எச்சரிக்கை வருகிறது. வீட்டுக்காரர் ஹேக் ஆகிவிட்டதாகப் பதறுகிறார். விவரம் தெரிந்தவரின் கண் நேராகத் திரையின் வலது கீழ் மூலைக்குப் போகும். அங்கே தேதி 2012 என்றோ 2015 என்றோ இருந்தால் பாதி வேலை முடிந்தது. ஒவ்வொரு இணையதளமும் ஒரு சான்றிதழைக் காட்டும். அது எந்த நாளிலிருந்து எந்த நாள்வரை செல்லும் என்பதை பிரவுசர் கணினியின் கடிகாரத்தை வைத்துத்தான் சரிபார்க்கும். கடிகாரம் பத்து வருடம் பின்னால் நின்றால், சான்றிதழ் இன்னும் நடைமுறைக்கே வரவில்லை என்று பிரவுசர் கதவைச் சாத்திவிடும். குற்றவாளி மதர்போர்டில் செருகியிருக்கும் நாணய அளவு பேட்டரி: சிஆர்2032, 3 வோல்ட். கணினியை அணைத்தாலும் சுவர் சுவிட்ச் போட்டிருக்கும்வரை கரண்டிலேயே கடிகாரம் ஓடும். சிக்கனமாகச் சுவிட்சையும் அணைத்துவிட்டுத் தூங்கும் வீட்டிலும், கரண்ட் போன இரவிலும், அந்தப் பேட்டரி ஒன்றுதான் துணை. அது செத்திருந்தால் தேதியும் போகும், கூடவே மெயிலும் போகும். இந்த நோய்க்கு எத்தனை தடவை ஃபார்மட் அடித்தாலும் மறுநாள் காலையில் பழைய கதைதான். பேட்டரியின் விலை ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசுகூட ஆகாது. அதை மாற்ற இரண்டு நிமிடம் போதும். தேதியைப் பார்க்கத் தோன்றியதே, அதற்குத்தான் பில்லில் இடமில்லை.

கடலோர ஊர் என்பதால் உப்புக்காற்றும் ஈரமும் ராம் என்ற மெமரி அட்டையின் முனைகளில் வேலையைக் காட்டும். ஆன் செய்தால் பீப் சத்தம் மட்டும் வரும், டிஸ்ப்ளே வராது. பென்சில் ரப்பரால் தேய்த்துத் துடைத்துச் செருகினால் பெரும்பாலும் சரியாகிவிடும். ரப்பரால் தேய்த்ததற்கா காசு என்ற கேள்வி உடனே வரும். எனவே கடைக்காரரும் ஊருக்கே விலை தெரிந்த வேலைக்குத் தாவுகிறார். ஃபார்மட்டுக்கு இவ்வளவு என்று சொன்னால் யாரும் முகம் சுளிப்பதில்லை. அதில் பறிபோவது என்ன என்பது பிறகுதான் தெரியும். அவுட்லுக்கில் பாப் முறையில் மெயில் இறக்கும் அலுவலகங்களில், சர்வரில் நகல் வைக்கும்படி அமைக்காவிட்டால், பல வருடக் கடிதங்களும் அந்தக் கணினியின் ஒரே ஒரு பிஎஸ்டி ஃபைலில்தான் இருக்கும். அது பெரும்பாலும் சி டிரைவில். அதைத் தேடி எடுத்து வைக்காமல் ஃபார்மட் அடித்தால் அத்தனையும் காலி.

மெயில்தானே என்று காரைக்காலில் சொல்லிவிட முடியாது. 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊர். பிரெஞ்சுக் குடியுரிமையும் பிரெஞ்சு ஓய்வூதியமும் உள்ள குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. வெளிநாட்டில் வாழும் ஓய்வூதியர் உயிரோடு இருப்பதற்கான சான்றை பிரான்ஸிலுள்ள ஓய்வூதிய நிறுவனங்கள் ஆண்டுதோறும் கேட்கும். அந்தக் கடிதப் போக்குவரத்து மெல்ல இணையத்துக்கு நகர்ந்துவருகிறது. கூகுள் தரும் இலவச இடமோ 15 ஜிபி. மெயிலுக்கும் போட்டோவுக்கும் வாட்ஸ்அப் பேக்கப்புக்கும் சேர்த்தே அவ்வளவுதான். பேரக்குழந்தைகளின் வீடியோவால் அது நிரம்பினால் தாத்தாவுக்கு வரவேண்டிய கடிதம் அனுப்பியவரிடமே திரும்பிவிடும். நூறு மெயிலை அழித்தும் பயனில்லை என்று அலுத்துக்கொள்பவருக்கு, அடைத்துக்கொண்டிருப்பது வீடியோ என்று எடுத்துக்காட்ட ஆள் வேண்டும்.

ஐந்து நிமிட வேலைக்கு என்ன கூலி என்ற வாதத்துக்குப் பதில் கம்பெனி சர்வீஸ் சென்டரிலேயே இருக்கிறது. வாரண்டி முடிந்த கணினியைத் திறந்து பார்த்ததற்கே அங்கே கட்டணம் கேட்பது சகஜம். ரிப்பேர் வேண்டாம் என்றாலும் கட்டித்தான் ஆகவேண்டும். ஏசி அறையில் முணுமுணுக்காமல் கொடுப்பவர் தெருக்கடையில் பேரம் பேசுகிறார். பாஸ்வேர்டைத் தெருக்கடையில் எப்படி நம்பிக் கொடுப்பது என்பது இதைவிட நியாயமான ஆட்சேபம். கொடுக்கவே வேண்டாம், பக்கத்தில் நின்று நீங்களே டைப் செய்யுங்கள். சிபியு மேல் ஒட்டிய சீட்டில் பாஸ்வேர்டை எழுதி அனுப்புவது, வீட்டுச்சாவியைக் கதவிலேயே தொங்கவிடுவதற்குச் சமம்.

பாதுகாப்பு அப்டேட் இல்லாத கணினி ஆபத்துதானே என்பார்கள். ஆபத்துதான், மறுக்கவில்லை. ஆனால் விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் இல்லை என்பதற்காக, ஓடுகிற பெட்டியைத் தூக்கிப்போடச் சொல்வது விற்கிறவரின் நியாயம். தனிநபர் கணினிகளுக்கு 2026 அக்டோபர்வரை நீட்டிப்புத் திட்டம் ஒன்றை மைக்ரோசாஃப்டே வைத்திருக்கிறது. மெயிலும் பிரவுசரும் மட்டும் போதும் என்பவருக்கு லினக்ஸ் இருக்கிறது. எந்தப் பெட்டிக்கு எது பொருந்தும் என்று உட்கார்ந்து பார்த்துச் சொல்ல அரைமணி நேரமாவது ஆகும். அந்த அரைமணிக்குக் கடை வாசலில் விலை எழுதி ஒட்டினால் முதல் மாதம் வாடிக்கையாளர் குறையலாம். அதற்குப் பயந்துதான் யாரும் ஒட்டவில்லை.