சாவி என் கையில்

வேளச்சேரியில் இருக்கும் அந்த இரண்டு படுக்கையறை வீடு என் தோழியுடையது. டொரண்டோவில் தனியாக இருக்கிறாள். ஐந்து வருடமாக வீட்டைப் பார்த்துக்கொள்வது நான். அங்குள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் கையெழுத்திட்டு அவள் அனுப்பிய பவர் பத்திரத்துக்கு, மூன்று மாதக் கெடுவுக்குள் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் முத்திரைத் தீர்வை கட்டினேன். வாடகை அவளுடைய என்.ஆர்.ஓ. கணக்குக்குப் போகும். மோட்டார் பழுதும் குளியலறைக் கசிவும் எனக்கு வரும். பிளம்பர்கூட, "சார் வரலையா மேடம்?" என்று கேட்டுவிட்டுத்தான் குழாயைத் தொடுவார்.

போன வருடம் வீடு காலியானது. "ஃபேமிலிக்கு மட்டும் விடுடி, தொந்தரவு இருக்காது" என்றாள். அப்படியே புரோக்கரிடம் சொன்னேன். மறுநாள் ஒரு பெண் போன் செய்தாள். ஐ.டி. வேலை, தனியாகத்தான் இருப்பேன், பதினோரு மாத ஒப்பந்தத்துக்குச் சம்மதம், அட்வான்ஸ் தயார் என்றாள். "ஃபேமிலிக்கு மட்டும்தான்மா" என்றேன். "சரிங்க மேம்" என்று வைத்துவிட்டாள். ஏன் என்றுகூடக் கேட்கவில்லை.

அந்தக் குரலை எனக்குத் தெரியும். விவாகரத்துக்குப் பிறகு தாம்பரத்தில் வீடு தேடிய இரண்டு மாதமும் அது என் குரலாக இருந்தது. கல்லூரி அடையாள அட்டையைக் காட்டுவேன். "வீட்டுக்காரர் என்ன பண்றார்?" என்பார்கள். ஒரு அம்மா வீட்டைச் சுற்றிக் காட்டி, காபி கொடுத்து, பிறகு மறுத்தார். அவரை வருடக்கணக்கில் மனதுக்குள் திட்டியிருக்கிறேன். வகுப்பில் பெண்ணெழுத்து நடத்தும் நான், அவர் சொன்ன அதே வாக்கியத்தை அதே கனிவோடு சொல்லியிருந்தேன்.

இரவு தோழியை அழைத்தேன். "உனக்கு அங்க வீடு குடுத்தவங்க புருஷன் எங்கேன்னு கேட்டாங்களா?"

சற்று நேரம் பேசவில்லை. "இங்க அதைச் சொல்லி மறுக்க முடியாதுடி, சட்டம் இருக்கு" என்றாள். பிறகு, "அசோசியேஷன்ல சத்தம் போடுவாங்களே?"

"நான் பேசிக்கிறேன். அதுக்குத்தானே பவர் குடுத்திருக்கே?"

மறுநாள் அந்தப் பெண்ணை அழைத்தேன். ஹாஸ்டலில் சேர்ந்து பணமும் கட்டிவிட்டாளாம். மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை மேம்" என்றாள். நானும் பல வாசல்களில் அப்படிச் சொல்லிவிட்டுப் படியிறங்கியிருக்கிறேன். ஒருமுறையும் பரவாயில்லாமல் இருந்ததில்லை.

இப்போது அந்த வீட்டில் இரண்டு செவிலியர்கள் இருக்கிறார்கள். அசோசியேஷன் செயலாளர் வாரம் தவறாமல் கூப்பிடுகிறார். "நைட்டு பன்னெண்டு மணிக்கு வர்றாங்க மேடம்."

"டியூட்டி முடிஞ்சு வர்றாங்க சார்" என்று நானும் வாரம் தவறாமல் சொல்கிறேன்.