மெல்ல இறங்கும் மயில்

சீவக சிந்தாமணியில் ஒரு நிறைமாதக் கர்ப்பிணி தன்னந்தனியாக வானில் பறக்கிறாள். அவள் பெயர் விசயை. ஆபத்து வந்தால் அவள் தப்பிப்பதற்கென்று கணவன் சச்சந்தன் செய்வித்த மயிற்பொறி அது. துணி, பிசின், நூல், அரக்கு, மெழுகு கொண்டு ஏழு நாளில் தச்சன் அதைச் செய்து முடித்ததாகத் திருத்தக்கதேவர் கணக்குச் சொல்கிறார். விசையை வலப்பக்கம் திருகினால் மேலெழும். இடப்பக்கம் திருகினால் இறங்கும். விசயை அதில் ஏறிப் பழகியும் வைத்திருக்கிறாள். அவள் பறந்து செல்லும்போது பகைவனின் வெற்றி முரசு கேட்கிறது. கணவன் இறந்துவிட்டான் என்று புரிந்து மயங்கிச் சாய்கிறாள். ஓட்டுகிறவள் நினைவிழந்த பிறகும் மயில் தலைகுப்புற விழவில்லை. மெல்ல இறங்கிச் சுடுகாட்டில் காலூன்றி நிற்கிறது. சீவகன் அங்கேதான் பிறக்கிறான்.

போடிநாயக்கனூரில் இந்தப் பகுதியை நடத்தும்போதெல்லாம் வகுப்பில் மயிலின் அழகையும் அரசியின் அழகையும் பேசிவிட்டு நகர்ந்துவிடுவது வழக்கம். ஓர் ஆண்டு, என்.சி.சி.யில் இருந்த மாணவி ஒருத்தி எழுந்து கேட்டாள்: "மயில் மாதிரி செஞ்சது அழகுக்காகவா மேம், இல்ல பறக்குறதுக்கு அப்படித்தான் இருக்கணுமா?"

அதோடு விடவில்லை. வகுப்பு முடிந்ததும் கைப்பேசியில் இரண்டு விமானங்களின் படங்களைக் காட்டினாள். இரண்டும் என்.சி.சி. பயிற்சியில் ஓடியவை, இருவர் அமரக்கூடியவை. ஒன்று ஸ்லோவேனியாவில் வடிவமைக்கப்பட்ட வைரஸ் எஸ்.டபிள்யூ. 80. பெயரைக் கேட்டுத் தோழிகள் சிரித்தார்கள். கொரோனா கண்ட தலைமுறை. வெள்ளை உடல், மெலிந்த வால், நீண்ட இறக்கை. மற்றது ஜென் ஏர் சி.எச். 701. தகரப் பெட்டிக்கு இறக்கை வைத்தாற்போல இருந்தது. தடித்த இறக்கையின் முன்விளிம்பில், இடைவெளி விட்டு, இன்னொரு தகடு. சுற்றி நின்றவர்கள் ஒரு நொடியில் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். முதலாவது அழகு, இரண்டாவது டப்பா.

அந்த வேகம் எனக்குத் தெரிந்த வேகம். என் அம்மா ஏலக்காய் பொறுக்கும் வேலைக்குப் போனவள். கை ஓடிக்கொண்டே இருக்கும். கண் அதைவிட வேகமாக ஓடும். எட்டு மில்லிமீட்டர் பச்சைக் காய் ஒரு பக்கம், வெளிறியது ஒரு பக்கம், வெடித்தது ஒரு பக்கம். ரகம் பிரிப்பது பெண்களின் கண். விலை சொல்வது ஏல மையத்தில் வேறு யாரோ. என்னைப் பெண் பார்க்க வந்தவர்களும் ஏறக்குறைய அதே வேகத்தில்தான் பார்த்தார்கள்: நிறம், உயரம், பல்வரிசை. நான் என்ன செய்வேன், எதைத் தாங்குவேன் என்று எவரும் கேட்கவில்லை. அதனால் எதையாவது 'அசிங்கம்' என்று யாராவது சொன்னால், அது என்ன செய்கிறது என்று கேட்கத் தோன்றும்.

கேட்டுப் பார்த்ததில் தெரிந்தது இது. வேகம் மிகவும் குறைந்தால் காற்று இறக்கையை விட்டுப் பிரிந்துவிடும், விமானம் விழும். அந்தப் 'டப்பா'வின் முன்விளிம்புத் தகடு, இடைவெளி வழியாகக் காற்றைச் செலுத்தி, மெதுவாகப் போகும்போதும் அது இறக்கையை விட்டு விலகாமல் பார்த்துக்கொள்கிறது. குறுகிய நிலத்தில் எழவும் இறங்கவும் முடிவது அதனால்தான். மெலிந்த வைரஸுக்கு வேறு வழி. எஞ்சின் நின்றுபோனாலும், ஒரு மீட்டர் இறங்குவதற்குள் 15 மீட்டருக்கும் மேல் முன்னே மிதந்துவிடும். இறங்க இடம் தேட ஓட்டுகிறவளுக்கு நேரம் கிடைக்கும். ஒன்று நிதானத்தால் காப்பாற்றுகிறது, இன்னொன்று நீளத்தால். இரண்டுமே விசயையின் மயிலுக்கு உறவுதான்.

கம்பம், குமுளி தாண்டி வண்டிப்பெரியாறு பக்கம் போனால் சத்திரம் என்ற இடத்தில் என்.சி.சி.க்காக 650 மீட்டர் ஓடுபாதை ஒன்று இருக்கிறது. மேடு இடித்தது, மழையில் ஒரு பக்கம் சரிந்தது. முதல் முயற்சிகளில் விமானம் இறங்க முடியவில்லை. 2022 டிசம்பர் 1 அன்று ஒரு வைரஸ் அங்கே இறங்கியது. மலை வைத்த அந்தத் தேர்வில் நிறத்துக்கும் மினுமினுப்புக்கும் மதிப்பெண் கிடையாது.

பெரிய விமானம் தன் வேலையையெல்லாம் தோலுக்குள் மறைத்துக்கொள்ளும். சிறு விமானத்தால் அது முடியாது. இறக்கையைத் தாங்கும் கம்பு, சக்கரம், கதவு எல்லாம் வெளியே தெரியும். பெங்களூரில் ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் உருவாக்கி 1958இல் முதன்முதலாகப் பறந்த புஷ்பக், துணி போர்த்திப் பூச்சு பூசி விறைப்பாக்கிய விமானம். பறக்கும் கழகங்களில் பலர் அதில்தான் பழகினார்கள். தேவரின் தச்சன் பார்த்திருந்தால் அந்த வேலையை அடையாளம் கண்டிருப்பான். 1936இல் லாகூரில் சரளா தக்ரால் சேலை உடுத்தி ஓட்டிய ஜிப்சி மாத், அந்துப்பூச்சியின் பெயர் கொண்டது. அடுக்கிய இரட்டை இறக்கை, இடையில் கம்பிகள், தலைக்கு மேல் கூரையில்லாத இருக்கை. இன்றைய கண்ணுக்கு அது எலும்புக்கூடு. ஆனால் பூச்சியைப் போலவே இறக்கையை மடக்கிக் கொட்டகைக்குள் நிறுத்தலாம். அப்போது சரளாவுக்கு 21 வயது, கையில் ஒரு குழந்தை.

கதவைப் பார்த்தே பாதி சொல்லிவிடலாம் என்றுகூட எனக்குத் தோன்றுகிறது. பைப்பர் செரோக்கீ தாழ்ந்த இறக்கையும் வழவழப்பான உடலுமாக எடுப்பாக இருக்கும். ஆனால் ஒரே கதவு. அதுவும் வலப்பக்கம், இறக்கைமேல் ஏறித்தான் நுழைய வேண்டும். இடப்பக்கம் உட்காரும் விமானி முதலில் ஏறிக் கடைசியில் இறங்க வேண்டும். 44,000-க்கும் மேல் செய்யப்பட்ட செஸ்னா 172 சாதாரணமான முகம் கொண்டது. ஆனால் இரண்டு பக்கமும் கதவு, தலைக்கு மேல் இறக்கையின் நிழல். சேலை கட்டிய ஒருத்திக்கு எது அழகு என்று புகைப்படத்தை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது.

இந்திய விமானிகளில் சுமார் 15 விழுக்காட்டினர் பெண்கள் என்று அரசு நாடாளுமன்றத்தில் சொல்லியிருக்கிறது. உலக அளவில் அது 5 விழுக்காடுதான். மகிழ்ச்சியான செய்தி. ஆனால் எங்கள் ஊரில் விடியுமுன் பெண்கள் ஏறுவது விமானத்தில் அல்ல, ஜீப்பில். போடி, தேவாரம், கம்பம் என்று ஊர் ஊராகக் கிளம்பி, கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, ஏலத்தோட்டங்களுக்குப் போகும் ஜீப்புகள். ஏலக்காய் செடியின் அடியில், மண்ணை ஒட்டிய சரங்களில் காய்க்கும். குனிந்தும் குந்தியும்தான் எடுக்க வேண்டும். மேலே நிழல் மரங்கள் வானத்தை மறைத்திருக்கும். தோட்டத்துக்குள் விமானம் என்பது தலைக்கு மேல் கடந்துபோகும் ஒரு சத்தம் மட்டுமே. மாலையில் அதே ஜீப்பில், தாங்கும் அளவைவிட அதிகம் பேர் நெருக்கியடித்துக்கொண்டு இறங்குவார்கள். வளைவில் ஒன்று கவிழ்ந்தால் சில நாள் சோதனை நடக்கும், பிறகு பழையபடி.

விசயைக்காக ஒரு தச்சன் உட்கார்ந்து யோசித்திருக்கிறான்: இவள் மயங்கினால் என்ன ஆகும்? அழகு என்று நான் சொல்வது அந்தக் கேள்வியைத்தான். அது கேட்கப்படாத இடத்தில் எவ்வளவு பளபளப்பு இருந்தாலும் எனக்கு அசிங்கமாகத்தான் தெரிகிறது.

இதை அந்த மாணவியிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் அம்மாவும் மலைக்குப் போகிறவர். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னாள்: "எங்கம்மா போற ஜீப்பு சூப்பரா இருக்கும் மேம். புதுப் பெயின்ட்டு, கலர் லைட்டு, பாட்டுப் பெட்டி எல்லாம் இருக்கு. பின்னாடி உக்கார்றவங்க பிடிச்சுக்கத்தான் ஒரு கம்பி கிடையாது."