இரும்புக்கை மாயாவியின் பொன்விழா

காத்திருத்தல் என்பது எங்கள் காஞ்சி மாநகருக்குப் புதியதன்று. சின்ன காஞ்சிபுரத்தில் அனந்தசரஸ் திருக்குளத்தின் நீருக்குள் இருக்கும் அத்தி வரதர் 40 ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் வெளியே எழுந்தருளுகிறார். 1979இல் வந்தவர் மீண்டும் 2019இல் வந்தார். அந்த 48 நாட்களில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வந்து சென்றதாகச் செய்தித்தாள்கள் எழுதின. அப்போது நாங்கள் ஒன்பது வயதுச் சிறுமியர். எங்கள் தெருவில் எந்தச் சமயத்தவர் வீடானாலும் திண்ணையில் வெளியூர் விருந்தினர் படுத்திருந்தனர். அவர்களில் முதியவர்கள் பேசியதை நாங்கள் ஆவலுடன் கேட்டோம். "போன தடவை எங்க அப்பா தோள்மேல உட்கார்ந்து பார்த்தேன்" என்பார் ஒருவர். "அப்போ எங்க அம்மா இருந்தாங்க" என்பார் இன்னொருவர். தரிசனத்தைக் காட்டிலும், இடையில் கழிந்த 40 ஆண்டுகளைப் பற்றியே அவர்கள் அதிகம் பேசினார்கள்.

அன்பிற்குரிய வாசகர்களே! இக்கட்டுரை கோயில் விழாவைப் பற்றியதன்று. காகிதத்தில் பிறந்த ஒரு வீரனுக்கு எங்கள் தெருவில் நடந்த பொன்விழாவைப் பற்றியது. அவன்தான் இரும்புக்கை மாயாவி!

மாயாவி யார் என்று உங்கள் தந்தையரைக் கேட்டுப் பாருங்கள். ஐம்பது வயதைக் கடந்தவர்களாயின் அவர்கள் முகம் மலர்வதைக் காண்பீர்கள். 1962ஆம் ஆண்டு இங்கிலாந்தில் 'வேலியண்ட்' என்னும் சிறுவர் வார இதழ் தொடங்கியது. அதில் கென் புல்மர் கதை எழுத, ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹெசுஸ் பிளாஸ்கோ படம் வரைந்த அறிவியல் புனைகதைத் தொடர் ஒன்று வெளிவந்தது. லூயி கிராண்டேல் என்பவன் ஆய்வுக்கூட உதவியாளன். விபத்தில் வலக்கையை இழந்து எஃகுக்கை பொருத்திக் கொண்டவன். மின்சாரம் உடலில் பாய்ந்தால் அவன் உருவம் மறைந்துவிடும். அந்த எஃகுக்கை மட்டும் காற்றில் மிதப்பதுபோல் தெரியும். முதலில் தீயவனாயிருந்து பின்னர் திருந்தி, நிழற்படை என்னும் இரகசிய அமைப்பில் சேர்ந்து நாட்டுக்கு உழைக்கிறான்.

இந்தத் தொடர்தான் 1972இல் சிவகாசியிலிருந்து தமிழ் பேசிக்கொண்டு வந்தது. எம். சௌந்தரபாண்டியன் அவர்கள் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் இதழே 'இரும்புக்கை மாயாவி'. ஆங்கிலத்தில் அவன் பெயர் எஃகு நகம் என்று பொருள்படும். தமிழில் நகம் கையாயிற்று. கையால் பிழைக்கும் ஊர்க்காரர்களாகிய எங்களுக்கு அந்த மாற்றம் மிகவும் பிடித்திருக்கிறது! ஆங்கில வார இதழ் 1976இல் நின்றுபோயிற்று. மாயாவியோ தமிழ்நாட்டில் தொடர்ந்து வாழ்ந்தான். முத்து காமிக்ஸின் 40 ஆண்டு நிறைவுக்காக 2013 ஜனவரியில் 400 ரூபாய் விலையில் ஒரு பெருந்தொகுப்பு வந்தது. 2022இல் பொன்விழா வந்தது.

பொன்விழாச் சிறப்பிதழ் கூரியரில் வந்த நாள் எங்கள் நால்வருக்கும் நன்கு நினைவிருக்கிறது. எங்களுள் ஒருத்தியின் தந்தை பட்டு நெசவாளர். அவர் முன்பணம் கட்டித் தருவித்திருந்தார். பொட்டலத்தைப் பிரிக்குமுன் கைகழுவித் துடைத்துக்கொண்டு வந்தார். பட்டுப்பாவைத் தொடும்போதுதான் அவர் அவ்வாறு செய்வது வழக்கம். செய்தி எப்படிப் பரவிற்றோ, அடுத்த அரைமணி நேரத்தில் தெருவிலுள்ள மூன்று நெசவாளர்கள் தறியை நிறுத்திவிட்டு வந்துவிட்டனர். எல்லோரும் நரைத்த தலையினர். ஒருவர் தாளை மோந்து பார்த்தார். ஒருவர் கண்ணாடி கொண்டு வராததற்காகத் தம்மைத் தாமே கடிந்துகொண்டார். பிறகு ஒரு பெரிய வழக்கு தொடங்கியது. "பழைய கதைகளையே திரும்பத் திரும்பப் போட்டால் புதுப் பிள்ளைகள் எப்படிப் படிப்பார்கள்?" என்றார் ஒருவர். "வழவழத் தாளும் வண்ணமும் எனக்கு எதற்கு? கறுப்பு வெள்ளையில் என் மாயாவியைக் கொடுத்தால் போதும்" என்றார் மற்றொருவர். அன்று மாலைவரை தறிச்சத்தம் கேட்கவில்லை, வாதச்சத்தமே கேட்டது.

நாங்கள் வாய்பொத்திச் சிரித்தோம். பேரன் பேத்தி எடுக்கும் வயதில் படக்கதைக்கு இவ்வளவு ஆரவாரமா என்று எங்களுக்கு வியப்பு.

பத்தாம் வகுப்புக்கு வந்து ஒளியியலும் மின்னோட்டவியலும் படித்த பின்னர் எங்கள் சிரிப்பு கேள்வியாக மாறியது. அங்கிளிடம் சென்று வரிசையாக அடுக்கினோம். மின்சாரம் உடலில் பாய்ந்தால் தசையும் எலும்பும் மறையுமா? மறைந்தாலும் உடுத்திய சட்டை எப்படி மறைந்தது? எல்லாவற்றுக்கும் மேலாக, கண்ணுக்குள் புகும் ஒளி விழித்திரையில் தங்கினால்தான் பார்வை உண்டு. உடல் முழுவதும் ஒளியை ஊடுருவவிட்டால் விழித்திரையும் ஊடுருவவிடும். ஆகவே மாயாவி மறைந்த மறுகணம் குருடனாகிவிட வேண்டுமே!

அவர் கோபிக்கவில்லை. நாடாவை நிறுத்திவிட்டு, "அப்படியா கண்ணு? இது எனக்கு யாரும் சொல்லித் தரலையே" என்றார். பிறகு தம் இளமைக் கதையைச் சொன்னார். அதுவரை தம் மகளுக்குக்கூட அவர் அதைச் சொன்னதில்லை.

காஞ்சிப் பட்டின் பெருமை கோர்வையில் இருக்கிறது. உடலும் கரையும் வெவ்வேறு நிறமாய் இருக்க, இரண்டையும் கோத்து நெய்வதற்கு ஒரு தறியில் இருவர் வேண்டும். அந்த இரண்டாவது ஆளாக, கரைக்கு நாடா போடுவதற்கு, முற்காலத்தில் சிறுபிள்ளைகளையே உட்கார வைத்தார்கள். அங்கிளும் அப்படி உட்கார்ந்தவரே. ஐந்தாம் வகுப்போடு பள்ளி முடிந்தது. எழுத்துக்கூட்டிப் படிக்கத்தான் தெரியும். வார இறுதியில் கையில் கிடைக்கும் காசைக் கொண்டுபோய் வாடகை நூல் நிலையத்தில் கொடுத்து ஒரு மாயாவி கதை எடுத்து வருவார். இரவல் ஒரே நாள். வாசற்படியில் தெரு விளக்கின் கீழ் அமர்ந்து, படத்தைப் பார்த்து வார்த்தையை ஊகித்து, வார்த்தையைப் பார்த்துப் படத்தைப் புரிந்துகொண்டு வாசித்தாராம். "நான் தமிழ் படிச்ச பள்ளிக்கூடம் அதுதாம்மா" என்றார். அக்கம்பக்கத்துப் பையன்கள் மூவர் சுற்றி அமர்ந்து கேட்பார்களாம். அந்த மூவர் யார் என்று நாங்கள் கேட்கவில்லை. பொன்விழா நாளில் தறியை விட்டு ஓடிவந்த மூவரையும் நாங்கள்தாம் பார்த்திருந்தோமே!

இவ்விடத்தில் எங்கள் அன்னையர் சார்பாகவும் ஒன்று சொல்ல வேண்டும். பெண்பிள்ளைகளுக்கு வாடகை நூல் நிலையத்துக்குக் காசு கொடுக்கும் வழக்கம் அந்நாளில் இல்லையாம். அண்ணன் படிக்கும்போது பின்னால் நின்று அவன் தோளுக்கு மேலாகப் படித்ததாக ஓர் அன்னை சொன்னார். அண்ணன் பக்கத்தை வேகமாகத் திருப்பிவிட்டால் அந்தப் பக்கம் போனதுதானாம். மாயாவியின் இரசிகர்களைக் கணக்கெடுப்போர் இப்படித் தோளுக்குப் பின்னால் நின்றவர்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது எங்கள் வேண்டுகோள்.

இத்தகைய அன்பு எங்கள் தெருவுக்கு மட்டும் உரியதா என்று தேடிப் பார்த்தோம். உலகெங்கும் உண்டு என்று அறிந்தோம். இங்கிலாந்தின் பிபிசி தொலைக்காட்சியில் 'டாக்டர் ஹூ' என்னும் அறிவியல் புனைகதைத் தொடர் 1963 நவம்பர் 23 அன்று தொடங்கியது. அதன் முதல் கதையை இயக்கியவர் நம் இலக்னோவில் பிறந்த வாரிஸ் உசேன். அப்போது அவருக்கு வயது 24 மட்டுமே! சரியாக 50 ஆண்டுகள் கழித்து, 2013 நவம்பர் 23 அன்று, பொன்விழாச் சிறப்புக் கதை 94 நாடுகளில் ஒரே நேரத்தில் காட்டப்பட்டது. 1981இல் தொடரைவிட்டு விலகிய டாம் பேக்கர் என்னும் நடிகர் 79 வயதில் அதில் மீண்டும் தோன்றினார். நரைத்த தலையோடு அவர் வந்து நின்றதைக் கண்டு உள்ளம் உருகிய இரசிகர்கள் பலர்.

ஆனால் எங்களை மிகவும் கவர்ந்த செய்தி வேறு. ஒளிநாடா விலை உயர்ந்த பொருள் என்பதால், பழைய நாடாக்களை அழித்து அவற்றின்மேல் புதிய நிகழ்ச்சிகளைப் பதிவு செய்யும் வழக்கம் அந்நாளில் பிபிசியில் இருந்தது. அதனால் 1960களில் ஒளிபரப்பான அத்தொடரின் 90க்கும் மேற்பட்ட பகுதிகளின் படம் காணாமல் போயிற்று. எனினும் காணாமற்போன ஒவ்வொரு பகுதியின் ஒலியும் இன்று இருக்கிறது! எப்படி? வீட்டிலிருந்த சில இரசிகர்கள் தொலைக்காட்சிப் பெட்டியின் ஒலியை டேப்ரிக்கார்டரில் பதிவு செய்து பத்திரமாக வைத்திருந்தார்கள். உண்டாக்கியவர்கள் அழித்ததை, கேட்டு மகிழ்ந்தவர்கள் காப்பாற்றிவிட்டார்கள்.

இதைப் படித்தபோது எங்கள் ஊரின் பழைய பட்டுப் புடவைகள் நினைவுக்கு வந்தன. பழைய பட்டுப் புடவை வாங்குவோர் எங்கள் தெருக்களில் கூவிக்கொண்டு வருவதுண்டு. சரிகையிலுள்ள வெள்ளிக்காக அப்புடவைகள் எரிக்கப்படுகின்றன. மயில்கண், குயில்கண், ருத்ராட்சம் என்று எத்தனையோ கரைகள் அவ்வாறு சாம்பலாயிருக்கும். எந்தப் பாட்டியாவது பெட்டியைத் திறக்க மறுத்திருந்தால் அந்தக் கரை மட்டும் மீண்டும் நெய்யப்பட வழியுண்டு. ஐம்பதாம் ஆண்டு, அறுபதாம் ஆண்டு என்று விழா எடுக்கும்போது நாம் கதாநாயகனைப் பாராட்டுவதாக நினைக்கிறோம். உண்மையில் இத்தனை ஆண்டுகள் பெட்டியைத் திறக்க மறுத்தவர்களுக்கு அல்லவா அந்த விழா உரியது?

இவ்வாறு எழுதி முடித்து மகிழ்ந்திருக்கலாம். ஆனால் சென்ற ஆடி மாதம் நடந்ததைச் சொல்லாவிட்டால் இக்கட்டுரை நிறைவு பெறாது.

அங்கிளிடம் வாடகை நூல் நிலையம் மூடப்பட்டபோது வாங்கிய 31 பழைய முத்து காமிக்ஸ் இதழ்கள் இருந்தன. தறிக்கு மேலுள்ள பரணில், வேப்பிலையும் பழைய வேட்டியும் சுற்றி வைத்திருந்தார். அந்த ஆண்டு இரண்டு மாதங்கள் தறிக்குப் பாவு வரவில்லை. எங்கள் தோழியின் படிப்புச் செலவுக்கு வழி தேட வேண்டியிருந்தது. பழைய காமிக்ஸ் சேகரிப்பவர் ஒருவர் வெளியூரிலிருந்து நல்ல விலை சொன்னார். தோழி அழுதாள். விற்கக் கூடாதென்று எங்களில் இருவரும், விற்பதே சரி என்று ஒருத்தியும் வாதிட்டோம். பாதுகாப்பவர்களைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு விற்கச் சொல்வது எப்படி என்பது எங்கள் கேள்வி. பசிக்கும் வீட்டில் பெட்டியைத் திறக்காதே என்பது நியாயமா என்பது அவள் கேள்வி. இரண்டுக்கும் எங்களிடம் விடையில்லை.

அங்கிள்தான் மகளை அழைத்துச் சொன்னார்: "நான் இதையெல்லாம் படிச்சு முடிச்சிட்டேன் கண்ணு. நீ இன்னும் படிச்சு முடிக்கலையே."

வாங்க வந்தவர் அவசரப்படவில்லை. ஒவ்வோர் இதழையும் பிரித்து, அங்கிளோடு தறிமேடையில் அமர்ந்து பேசிக்கொண்டே இருந்தார். இருவரும் ஒரே கதையின் அடுத்த வசனத்தை ஒருவர்க்கொருவர் முந்திச் சொன்னார்கள். முன்பின் அறியாத இருவர்! 30 இதழ்களை எடுத்துக்கொண்டு, அட்டையில்லாத 'பாம்புத் தீவு' ஒன்றை மட்டும் விட்டுச் சென்றார். அட்டையில்லாததற்கு விலையில்லை என்பதால் விட்டாரா, வேறு காரணத்தால் விட்டாரா என்று எங்களுக்குத் தெரியாது. அந்த இதழ்கள் எரிபடவில்லை. அவற்றை மதிக்கத் தெரிந்த ஒருவர் வீட்டுக்குப் போயின. தோழி இவ்வாண்டு எங்களோடு அரசுத் தேர்வு எழுதுகிறாள். இவ்விரண்டும் உண்மை. பரண் வெறுமையாயிருப்பதும் உண்மை.

எங்கள் பள்ளி நூலகச் சிஸ்டரிடம் ஒரு விண்ணப்பம் வைத்தோம். மாணவியரின் பெற்றோர் இளமையில் படித்த கதைப் புத்தகங்களுக்கென ஓர் அலமாரித் தட்டு வேண்டும் என்று கேட்டோம். கிழியாமல் பைண்டு செய்து, பெயரெழுதிப் பதிவேட்டில் சேர்த்தால் இடம் தருவதாகச் சிஸ்டர் இசைந்தார்கள். முதல் புத்தகமாக அட்டையில்லாத 'பாம்புத் தீவு' வந்து சேர்ந்துவிட்டது. அதன் மேலட்டைக்கு அங்கிளே பழைய ஜக்கார்டு அட்டை ஒன்றை வெட்டி ஒட்டிக் கொடுத்தார்.

அன்புத் தங்கையரே! வீட்டுக்குச் சென்றதும் உங்கள் தாய் தந்தையரை அவர்கள் சிறுவயதில் என்ன படித்தார்கள், யாரோடு படித்தார்கள் என்று கேளுங்கள். புத்தகம் இருந்தால் கொண்டு வாருங்கள். இல்லையென்றால் கதையையாவது கேட்டு எழுதி வாருங்கள். அந்தத் தட்டில் இன்னும் நிறைய இடம் இருக்கிறது. தோளுக்கு மேலாக எட்டிப் பார்க்கத் தேவையில்லை, உட்கார்ந்தே படிக்கலாம்.