சேர்வராயன் மலையின் கற்கோடரிகள்

சேர்வராயன் மலைச் சிற்றூர்களின் சிறு கோயில்களில், பிள்ளையாரின் காலடியில் வழுவழுப்பான கருங்கற்களை வைத்து வழிபடும் பழக்கம் இருந்தது. ஒரு முனை கூராகவும் மறுமுனை பிறை வடிவில் விரிந்தும் இருக்கும் அக்கற்கள் ஓடையில் உருண்டு தேய்ந்தவை அல்ல. அவை மனிதர் செய்த கோடரிகள், புதிய கற்காலத்தவை. 19-ஆம் நூற்றாண்டில் சேலத்திலிருந்து மலையேறிய பாதிரிமாரும் நிலவியலாளரும் இவற்றைக் கோயில்களில் குவியலாகவே கண்டனர். மரம் வெட்டவும் மண் கிளறவும் செய்த ஒரு கருவி தெய்வத்தின் பக்கத்தில் இடம்பிடித்த வரலாறு, இந்த மலையின் பண்பாட்டு வரலாற்றில் தனியாகப் பேசப்பட வேண்டியது.

கோடரி செய்யும் தொழில் கல்லைத் தேர்வதில் தொடங்குகிறது. சேர்வராயன் மலையின் பெரும்பகுதி சார்னோக்கைட் பாறை. பருமணிகள் கொண்ட அந்தக் கல்லில் மெல்லிய விளிம்பு எளிதில் நிற்காது. தென்னிந்தியப் புதிய கற்காலத்தார் பெரிதும் விரும்பியது டோலரைட் போன்ற நுண்மணிக் கருங்கல். பழைய பாறைகளின் வெடிப்புகளில் குழம்பாக ஏறி இறுகியதால், இது நிலத்தினூடே நீண்ட சுவராக ஓடும். அதில் வேண்டிய அளவுக்கு ஒரு துண்டை எடுத்து, உருண்டைக் கல்லால் இரு பக்கமும் தட்டிச் சில்லுகளைப் பெயர்த்து முக்கோண வடிவுக்குக் கொண்டுவருவார்கள். அடி தப்பினால் கல் குறுக்கே முறியும். அதுவரை செய்த வேலை வீண்.

அடுத்த வேலை கொத்துதல். சில்லு பெயர்ந்த இடங்களுக்கு நடுவே எழும்பி நிற்கும் மேடுகளை, அம்மி கொத்துவதுபோல, பொடிப்பொடியாகக் கொத்தி இறக்க வேண்டும். அம்மி கொத்துபவரிடம் இரும்பு உளி இருக்கிறது. இவர்களிடம் இருந்தது இன்னொரு கல்தான். கடைசியாக மணலும் நீரும் இட்டுப் பாறைமேல் தேய்த்து வெட்டுவாயைத் தீட்டினார்கள். இந்த உழைப்பு கோடரி முழுவதிலும் ஒரே அளவில் செலவாகவில்லை என்பதில்தான் தொழிலாளியின் அறிவு தெரிகிறது. பல கோடரிகளில் வெட்டுவாய்ப் பக்கம் மட்டும் பளபளக்கும். பின்பாதி கொத்திய சொரசொரப்போடு விடப்பட்டிருக்கும். மரப்பிடியின் துளைக்குள் செருகப்படும் பகுதி அதுதான். சொரசொரப்பு பிடியைக் கவ்வும். ஒவ்வொரு வெட்டுக்கும் கூரிய பின்முனை பிடிக்குள் இன்னும் இறுகும். விளிம்பில் தெறித்த பல்லும் மறுபடி தீட்டிய தடமும் உள்ள கோடரி, ஒருவர் நெடுநாள் வைத்துப் பயன்படுத்திய உடைமை.

இவற்றைச் செய்தவர்களின் வாழ்க்கை பற்றிய சான்றுகள் மலையடிவாரத்துக்கு வடக்கே அதிகம். இன்றைய திருப்பத்தூர் மாவட்டத்துப் பையம்பள்ளியில் 1960-களில் நடந்த அகழாய்வில் நிலத்தில் குழி தோண்டி அமைத்த குடியிருப்புகளும், தீட்டிய கற்கோடரிகளும், கருகிய கொள்ளு, பச்சைப்பயறும் கிடைத்தன. கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையிலும் புதிய கற்காலத் தடயங்கள் உண்டு. அங்கே கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என 2022-இல் அறிவிக்கப்பட்டது. கற்கோடரி இரும்புக்கு முந்தியது. ஆக, கல்லைத் தீட்டிய இந்த வட்டார மக்களின் காலம் நாலாயிரம் ஆண்டுக்கும் முன்னே செல்கிறது.

கோடரிகளைக் கோயிலில் வைத்தவர்கள் வேறொரு மக்கள். சேர்வராயன் மலையின் பழங்குடியினர் மலையாளிகள். தமிழ் பேசுபவர்கள், கேரளத்தவர் அல்லர். தமிழ்நாட்டுப் பழங்குடிகளில் எண்ணிக்கையில் மிகப் பெரிய சமூகம் இவர்களே. 2011 கணக்கெடுப்பில் மூன்றரை லட்சத்துக்கும் மேல். காஞ்சிபுரத்திலிருந்து வந்த மூன்று அண்ணன் தம்பிகளின் வழியினர் என்பது இவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் கதை. பெரியண்ணன் சேர்வராயன் மலைக்கும், மற்ற இருவர் பச்சைமலைக்கும் கொல்லிமலைக்கும் போனார்களாம். சேர்வராயனில் சேலநாடு, முட்டநாடு, மோகநாடு என மூன்று நாடுகள். பட்டக்காரர், மூப்பன், கவுண்டர் என்று ஊர்ப் பொறுப்புகள். மலை முகட்டில் ஏறத்தாழ 1,620 மீட்டர் உயரத்தில், குனிந்து நுழைய வேண்டிய ஒரு குகையில், சேர்வராயனும் காவேரியம்மனும் குடியிருக்கிறார்கள். அந்தக் குகை காவிரியாறு வரை போகிறது என்பது நம்பிக்கை. மே மாதத் திருவிழாவுக்கு மூன்று நாட்டு மக்களும் மேலே திரள்கிறார்கள்.

சாமையும் கேழ்வரகும் விளைந்த சரிவுகளை ஏர் பூட்டி உழ முடியாது. மண்வெட்டியால் கொத்திப் பயிரிடும் கொத்துக்காடுகள்தான் மலையாளிகளின் பழைய வேளாண்மை. இப்படிக் கொத்தும்போது கோடரிகள் மேலே வந்தன. யார் செய்தது என்று தெரியாத, ஆனால் செய்நேர்த்தி கண்ணுக்குத் தெரிகிற ஒரு கல்லைக் காட்டிலேயே எறிந்துவிட அவர்களுக்கு மனம் வரவில்லை. கோயிலில் வைத்தார்கள். காஞ்சியிலிருந்து வந்தவர்கள் என்று தங்களைச் சொல்லிக்கொள்ளும் ஒரு சமூகம், தனக்கு முன் அந்த மண்ணில் வாழ்ந்தவர்களின் கைவேலைக்கு இத்தனை மரியாதை கொடுத்தது பெரிய செய்தி.

உலகின் பல இடங்களிலும் இப்படி நடந்திருக்கிறது. ஐரோப்பிய உழவர்கள் இத்தகைய கற்களை இடியோடு வானிலிருந்து விழுந்தவை என நம்பி, மின்னல் தாக்காதிருக்க வீட்டில் வைத்தனர். வட இந்தியாவில் பாந்தா மாவட்டத்து அரசமரத்தடிகளில் சிவனுக்கு அருகே கோடரிகள் இருந்தன. இத்தகைய கற்களைத் திரட்டியவர்களும் உண்டு. நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் தென்னிந்தியாவெங்கும் திரட்டிய தொகுப்பில் சேர்வராயன் கோடரிகளும் சேர்ந்தன. 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தவர் அவர். ஓய்வுக்குப் பின் சேர்வராயன் மலையிலுள்ள ஏற்காட்டில் குடியேறினார். ஃபூட் 1912-இல் காலமானார். அவருடைய நினைவுக்கல் ஏற்காடு ஹோலி டிரினிட்டி ஆலயத்தில் உள்ளது. அவர் தொகுப்பைச் சென்னை அரசு 1904-இல் வாங்கியது. இப்போது அது எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அருங்காட்சியகப் பட்டியலில் கோடரிக்கு எண்ணும் அளவும் ஊர்ப்பெயரும் கிடைத்தன. அது பெரிய ஆதாயம். ஃபூட்டின் பட்டியல் இந்த மலையின் புதிய கற்காலத்தை ஆய்வுலகுக்கு இன்னும் தெளிவாகக் காட்டியது. ஆனால் கோயிலிலிருந்து பெயர்த்தபோது அதன் இரண்டாவது வாழ்க்கை முடிந்தது. முதன்முதலில் அதைக் காட்டில் கண்டெடுத்துப் பத்திரப்படுத்தியவர்களின் பெயர்கள் எந்தப் பட்டியலிலும் ஏறவில்லை. அவர்கள் வைத்துக் காக்காவிட்டால் திரட்டியவர்களுக்கு இவ்வளவு மிஞ்சியிருக்காது என்பதால், சேர்வராயன் தொல்லியலின் முதல் வரிசையில் மலையாளி உழவர்களைச் சேர்ப்பதே நியாயம்.

நூறாண்டுக்கு மேற்பட்ட இத்தகைய பொருள்கள் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின் வரம்புக்குள் வருகின்றன. நாட்டுக்கு வெளியே தனியார் கொண்டுபோக முடியாது. சட்டத்தைவிட அவசரமானது பதிவு. கோயிலில் மிஞ்சியிருக்கும் ஒவ்வொரு கோடரியையும் படமெடுத்து அளந்து, எந்தக் கொத்துக்காட்டில் கிடைத்தது, யார் கொண்டுவந்து வைத்தார்கள் என்று ஊர்ப் பெரியவர்களைக் கேட்டு எழுதிக்கொண்டு, கல்லை அது இருந்த இடத்திலேயே விட்டுவர வேண்டும். காபியும் மிளகும் பழைய கொத்துக்காடுகளை மூடிவிட்ட இந்நாளில், எந்தச் சரிவு எவருடைய காடாக இருந்தது என்று சொல்லக்கூடியவர்கள் வயதானவர்கள் மட்டுமே.