முகில் மதில்

வேலூர்க் கோட்டைக்குள் கண்டி மகால் என்றொரு கட்டடம் உண்டு. கண்டி ஓர் ஊர் என்று தெரிவதற்கு முன்பே அந்தக் கட்டடத்தின் பெயராக அது எனக்கு அறிமுகம். பாலாற்றங்கரையில் முத்து மண்டபம் இருக்கிறது. கண்டியின் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் அடங்கிய இடம் அது. இயற்பெயர் கண்ணுசாமி. “பாவம்டா, வெள்ளைக்காரன் பிடிச்சுக்கிட்டு வந்து இங்க அடைச்சு வச்சுட்டான்” என்று அப்பா சொல்வார். அந்த ஒரு சொல்லை, பாவம் என்பதை, முப்பது வருடம் கழித்துக் கண்டிக்கு எடுத்துக்கொண்டு போனேன்.

பேராதனையைத் தாண்டியதும் மலைகள் நெருங்கி வந்தன. மூன்று பக்கம் மகாவலி கங்கை வளைத்துக்கொள்ள, மீதியைக் காடும் கணவாயும் காத்த ஊர் இது. கரையோரம் போர்த்துக்கீசியரிடமும் ஒல்லாந்தரிடமும் போன பிறகும் இந்தத் தலைநகரம் இருநூறு ஆண்டுக்கு மேல் நின்றதற்கு இந்த மலைகளே பெருங்காரணம். சிங்களத்தில் இதை ‘மகா நுவர’ என்கிறார்கள். பெருநகரம். பேச்சில் வெறும் ‘நுவர’.

விடிகாலையிலேயே ஏரிக்கரைக்குப் போய்விட்டேன். கரையோர மரங்களில் நீர்க்காகங்களும் கொக்குகளும் கிளை தெரியாமல் அடைந்திருக்க, கீழே நடைபாதை எச்சத்தால் வெளுத்துக் கிடந்தது. தண்ணீரில் புத்தரின் பல்லைக் காக்கும் தலதா மாளிகையின் எண்கோண மண்டபம் அசைந்தது. அதை ஒட்டி ஓடும் வெள்ளை மதிலைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். அதன் மேல்விளிம்பு நேராக இல்லை. அலை அலையாக, மேகம் சுருண்டு எழுவதுபோல் ஏறி இறங்குகிறது. உடம்பெல்லாம் முக்கோண மாடங்கள். விழா இரவுகளில் ஒவ்வொன்றிலும் விளக்கு ஏற்றினால் மதில் முழுக்க மினுங்கும். பெயர் ‘வலாகுளு பெம்ம’, முகில் மதில். ஏரிக்கு ராஜசிங்கன் காலத்துப் பெயர் ‘கிரி முஹுத’, நம் மொழியில் பாற்கடல். மேகத்துக்கு மேலே மாளிகை, அதன் காலடியில் பாற்கடல். கண்ணுசாமி மண்ணில் ஒரு தேவலோகத்தைக் கட்டப் பார்த்திருக்கிறான். வரைந்து கொடுத்தவர் தேவேந்திர மூலாச்சாரி என்ற தலைமைச் சிற்பி. எண்கோண மண்டபமும் அவர் கைவேலைதான்.

இந்த அழகில் மயங்காமல் இருக்க என்னால் முடியவில்லை. மயங்கினேன் என்பதாலேயே அடுத்ததையும் சொல்லியாக வேண்டும். இந்த ஏரி வயலாக இருந்த இடம். நெல் விளைந்த தாழ்நிலத்தில் அணை கட்டி நீரைத் தேக்கினார்கள். கட்டியவர்கள் கூலியாட்கள் அல்லர். மன்னனுக்குச் செய்ய வேண்டிய ‘ராஜகாரிய’ ஊழியம் என்ற பெயரில் ஊர் ஊராக இழுத்து வரப்பட்ட உழவர்கள். தம் வயலில் களை மண்டிக் கிடக்க, இன்னொருவன் வயலை மூழ்கடிக்க மண் சுமந்தவர்கள். எதிர்த்த தலைவர்களை ஏரிப் படுகையிலேயே கழுவேற்றினான் என்று இன்றும் சொல்கிறார்கள். சொல்லக் கேட்ட பிறகு தண்ணீரைப் பார்க்கும் விதம் மாறிவிடுகிறது.

1798-ல் கண்ணுசாமியை அரியணையில் ஏற்றியது பிலிமத்தலாவை என்ற ‘மகா அதிகாரம்’, அதாவது தலைமை அமைச்சர். அப்போது அவனுக்குப் பதினெட்டு வயதிருக்கும். பையனை முன்னால் உட்கார வைத்துப் பின்னால் தான் ஆளலாம் என்பது கணக்கு. பையன் வளர்ந்தான், சதி தெரிந்தது, பிலிமத்தலாவையின் தலை போனது. அதன் பிறகு அவன் யாரையும் நம்பியதாகத் தெரியவில்லை. அடுத்து வந்த எஹலபொல 1814-ல் ஆங்கிலேயர் பக்கம் ஓடியபோது, பிடிபட்டவர்கள் அவருடைய மனைவியும் பிள்ளைகளும். மூத்தவன் அஞ்சித் தாயிடம் ஒண்ட, இளையவன் மத்தும பண்டார முன்னால் வந்து கழுத்தை நீட்டினான் என்ற கதை இலங்கைப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும். தாயைப் போகம்பரைக் குளத்தில் மூழ்கடித்தார்கள். பின்னாளில் ஆங்கிலேயர் சிறைச்சாலை கட்டிய போகம்பரைதான்.

இந்தக் கொடூரங்களில் எவ்வளவு நடந்தது, எவ்வளவு ஆங்கிலேயர் ஊதிப் பெருக்கியது? படையெடுக்கக் காரணம் தேடிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். ஜான் டொய்லி என்ற அதிகாரி ஒற்றர்களை வைத்துச் செய்தி திரட்டியதும், தலைவர்களைப் பிரித்ததும் அவருடைய நாட்குறிப்பிலேயே இருக்கிறது. மானிடவியலாளர் கணநாத் ஒபேசேகர 2017-ல் இந்த மன்னனுக்காகவே ஒரு நூல் எழுதி இந்தக் கதைகளை மறுபடி உரைத்துப் பார்த்தார். அந்த ஐயம் நியாயமானது. ஆனாலும் அந்த ஐயத்தைப் பிடித்துக்கொண்டு மண் சுமந்தவர்களை என்னால் தாண்டிப் போக முடியவில்லை. அவர்களுக்கு நாட்குறிப்பு இல்லை. இந்த அணைதான் இருக்கிறது.

1815 பிப்ரவரி 14-ல் ஆங்கிலப் படை உள்ளே நுழைந்தபோது ஊரில் ஆள் அரவமே இல்லை. தடுக்க ஒருவரும் நிற்கவில்லை. நான்கு நாளில் மலைக்குள் ஒளிந்திருந்த மன்னனை அவனுடைய குடிகளே பிடித்துக் கொடுத்தார்கள். மார்ச் 2-ல், மரத்தூண்கள் வரிசை கட்டி நிற்கும் மகுல் மடுவ என்ற அரசவை மண்டபத்தில், கண்டியை ஆங்கிலேயரிடம் ஒப்படைக்கும் ஒப்பந்தம் படிக்கப்பட்டது. அந்தத் தூண்களின் செதுக்கலைத் தொட்டுப் பார்த்தேன். இருநூறு வருடத்துக்கு முன் இங்கே கூடிய தலைவர்கள் கொடியவனிடமிருந்து விடுபட்டதாக நினைத்திருப்பார்கள். மூன்றே வருடத்துக்குள், 1817-18-ல், கலகம் வெடித்து நாடு இரத்தத்தில் மூழ்கியது.

முகில் மதிலை ஒட்டியே நடந்தேன். அது முடிக்கப்படவே இல்லை. அலை ஏறி இறங்கி வந்து, ஓரிடத்தில் சாதாரணமாக நின்றுபோகிறது. அங்கே கடலை விற்றுக்கொண்டிருந்த பெரியவர் என் பேச்சைக் கேட்டுத் தமிழில் கேட்டார்.

“தம்பி எந்த ஊரு?”

“வேலூருங்கய்யா.”

“அட, ராசாவ கொண்டுபோன ஊரா?” பொட்டலம் மடித்த கை நின்றது. அவருடைய பாட்டனார் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தவராம், திருச்சிப் பக்கம். “இங்க அவரக் கெட்டவருன்னுதான் சொல்லுவாக. நமக்கென்ன தெரியும். ஆனா இந்தக் கொளத்த வச்சுத்தான் நான் முப்பது வருசமா சோறு திங்கிறேன்.” கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார். “அங்க அவர வச்சிருந்த எடத்துல தண்ணி கிண்ணி இருக்கா, பாக்குறதுக்கு?”

“இருக்குங்கய்யா. கோட்டையச் சுத்தி அகழி.”

“பெருசா?”

“பெருசு. தப்பிச்சுப் போக முடியாத அளவுக்கு.”

அவர் ஒன்றும் சொல்லவில்லை. பொட்டலத்தை நீட்டினார். நான் கொடுத்த காசை எண்ணிப் பார்க்காமலே மடியில் போட்டுக்கொண்டு தண்ணீரைப் பார்த்தார்.