டிரைவர் அண்ணாச்சியின் வெள்ளை கார்

பதிவு கொஞ்சம் நீளம். கடைசியில் உங்களிடம் ஒரு உதவி கேட்கப் போகிறேன், அதனால் பாதியில் லைக் போட்டுவிட்டு ஓடிவிடாதீர்கள்.

போன வாரம் கோயம்புத்தூரில் சின்ன மகள் வீட்டில் இருந்தேன். "ஒரே பேப்பரை எத்தனை தடவைப்பா படிப்பிய?" என்று என்னை அவிநாசி ரோட்டில் இருக்கும் ஜி.டி. கார் மியூசியத்துக்குக் கிளப்பிக் கொண்டு போனாள். ஜி.டி. நாயுடு அறக்கட்டளை 2015-இல் திறந்தது. ஜெர்மனி, இங்கிலாந்து, அமெரிக்கா என்று பல தேசத்துப் பழைய கார்கள், நம்ம ஊர்க் கல்யாண மாப்பிள்ளை மாதிரி பளபளவென்று நிற்கின்றன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் பெயரும் வருஷமும் எழுதின பலகை.

முதலில் என்னை நிறுத்தியது 1886-இல் கார்ல் பென்ஸ் செய்த மூன்று சக்கர வண்டியின் மாதிரி. அறிவியல் வாத்தியார் புத்தி போகுமா? மகளைப் பிடித்து வைத்துப் பாடம் எடுத்துவிட்டேன். அந்த வண்டியை யாரும் நம்பி வாங்காத காலத்தில், 1888-இல் அவர் மனைவி பெர்தா, கணவரிடம் சொல்லாமல் இரண்டு பையன்களை ஏற்றிக்கொண்டு தன் தாய் ஊருக்கு ஓட்டிப் போனார். நூறு கிலோமீட்டருக்கு மேல். திருநெல்வேலியிலிருந்து கோவில்பட்டி போய்த் திரும்புகிற தூரம். பெட்ரோல் பங்க் ஏது? மருந்துக் கடையில் எரிபொருள் வாங்கினார். குழாய் அடைத்தபோது தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்தார். ஏற்றத்தில் பையன்கள் தள்ளினார்கள். அதற்குப் பிறகுதான் ஊர் உலகம் கார் என்று ஒன்றை நம்பியது.

ஜி.டி. நாயுடுவும் அப்படித்தான். மேதை, விஞ்ஞானி என்கிறோம். 1920-இல் ஒரே ஒரு பஸ்ஸை வாங்கிப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையில் அவரே ஓட்டினார். அந்த மியூசியத்துக்கு மூலமே ஒரு டிரைவர் என்று சொன்னால் தப்பில்லை. (பஸ் முதலாளிகள் என்றால் நம்ம ஜில்லாவையும் விட்டுவிடக் கூடாது. டி.வி. சுந்தரம் ஐயங்கார் பிறந்தது திருக்குறுங்குடி.)

ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் கியர் வைத்த ஒரு காரைப் பார்த்ததும் மகள் கேட்டாள்: "நான் பொறந்தன்னிக்கு அம்மாவக் கூட்டிட்டுப் போன காரும் இப்படித்தானப்பா?"

இப்படித்தான். சேரன்மகாதேவி பக்கம் எங்கள் ஊரில் அப்போது வாடகைக்கு இருந்தது ஒரே கார். வெள்ளை அம்பாசடர், மார்க் 2, பெட்ரோல் வண்டி. டிரைவர் அண்ணாச்சி என்றுதான் ஊரே கூப்பிடும். 1992 நவம்பர் வெள்ளத்தை நெல்லைச் சீமையில் யாரும் மறந்திருக்க முடியாது. குறுக்குத்துறை முருகன் கோயில் மூழ்குவது புதிதில்லை. அந்த வருஷம் ஆறு ஊருக்குள்ளேயே வந்தது. அந்த மழையில்தான் என் மனைவிக்கு வலி எடுத்தது. பஸ் நின்றுவிட்டது. பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும்.

பத்தமடை தாண்டியதும் ரோடு எது, வயல் எது என்று தெரியவில்லை. அண்ணாச்சி வண்டியை நிறுத்தி இறங்கினார். பானட்டைத் திறந்து ஃபேன் பெல்ட்டைக் கழற்றினார். ரேடியேட்டருக்கு முன்னால் ஒரு சாக்கைக் கட்டினார். எனக்குப் புரியவில்லை. "ஃபேன் சுத்தினா தண்ணிய வாரி டிஸ்ட்ரிபியூட்டர்ல அடிக்கும் சார். கரெண்டு போயிரும், வண்டி நின்னுரும். நீங்க இறங்காதிய, மதினி கையப் பிடிச்சுக்கிடுங்க." பிறகு முதல் கியர்தான். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்கவே இல்லை; எடுத்தால் சைலன்சர் வழியாகத் தண்ணீர் ஏறிவிடுமாம். தருவைப் பக்கம் பச்சையாற்றுத் தண்ணீர் கதவிடுக்கு வழியாகக் காலுக்கு வந்தது. அவர் வாயே திறக்கவில்லை. தண்ணீர் வடிந்த இடத்தில் மறுபடி இறங்கி, எஞ்சின் சூடாகிவிடாமல் பெல்ட்டை மாட்டினார். மேலப்பாளையம் வந்ததும்தான் ஒரு பீடி பற்றவைத்தார். மகள் காலையில் பிறந்தாள்.

பிரசவத்துக்கு அவர் பேரம் பேசியதில்லை. பெட்ரோல் காசு மட்டும். அதுவும் சம்பளம் வந்த பிறகு போதும் என்பார். நம் பள்ளி மைதானத்துக்கே அந்தக் காரைக் கொண்டு வந்து, பானட்டைத் திறந்து, நாலு ஸ்ட்ரோக் எஞ்சினை உங்களுக்குக் காட்டியிருக்கிறார். நான் கரும்பலகையில் ஒரு வாரம் நடத்தியதை அவர் அரைமணியில் முடித்தார். எண்பதுகளின் கடைசியில் பத்தாம் வகுப்பு படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். பிளக் வயரைத் தொட்டு ஷாக் வாங்கிய மகராசன் இன்று மின்வாரியத்தில் இருக்கிறான்!

கார் என்றைக்கோ பழைய இரும்புக்குப் போய்விட்டது. அண்ணாச்சி போன புரட்டாசியில் தவறினார். கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் போட, வீட்டில் ஒரு நல்ல போட்டோ இல்லை. லைசென்ஸில் இருந்த ஸ்டாம்பு அளவுப் படத்தைப் பெரிதாக்கியதில் முகமே அடையாளம் தெரியவில்லை. அவர் மகனும் என் மாணவன்தான். "அப்பா காரோட நிக்க மாதிரி ஒரு படம் யார்ட்டயாவது இருக்குமா சார்?" என்று போனில் கேட்டான். எங்கள் கல்யாண ஆல்பத்தைத் தேடினேன். மாலை போட்ட கார் இருக்கிறது, நாங்கள் இருக்கிறோம், ஜன்னலில் அவருடைய முழங்கை மட்டும் இருக்கிறது. போட்டோ எடுக்கும்போதெல்லாம் அவர் தள்ளிப் போய் நின்றுவிடுவார்.

எழுபதுகளிலிருந்து தொண்ணூறுகள் வரை நம்ம பக்கத்துக் கல்யாணங்கள் பாதிக்கு மேல் அந்தக் காரில்தான் நடந்திருக்கின்றன. உங்கள் வீட்டு ஆல்பத்தை இந்த வாரம் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். மாப்பிள்ளை அழைப்புப் படங்களில் ஓரத்தைப் பாருங்கள். ஒல்லியான ஆள், காக்கிச் சட்டை, தோளில் வண்டி துடைக்கிற மஞ்சள் துணி. கிடைத்தால் எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள், மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை. பொங்கலுக்கு முன்னால் பிரேம் போட்டுக் கொடுக்க வேண்டும்.